ஷாமோனியிலிருந்து ஸெர்மாட் வரை: பனியாற்றுப் பயணத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் முடிகிற ‘ஓட் ரூட்’, ஆல்ப்ஸ் மலையின் பல நாள் ஸ்கீ பயணங்களில் பெயர் பெற்றது. வழக்கமாக ஆறேழு நாள் ஆகும். கேபிள் காரில் ஏறிப்போய்ச் சறுக்கி இறங்கும் விளையாட்டு வேறு. இதில் ஏற்றத்தையும் சொந்தக் காலால்தான் ஏற வேண்டும். ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ எனப்படும் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டால் ஸ்கீ முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. கணவாயின் உச்சியில் பட்டையை உரித்து மடித்து வைத்துவிட்டு மறுபக்கம் சறுக்கி இறங்கலாம். இரவில் மூவாயிரம் மீட்டரை ஒட்டிய ஏதோவொரு மலைக்குடிலில் படுக்கை, விடிவதற்கு முன் மறுபடி ஏற்றம்.

இந்த வழியில் ஸ்கீயில் முதன்முதலாக ஷாமோனியிலிருந்து ஸெர்மாட் சேர்ந்தது 1903 ஜனவரியில், மருத்துவர் மிஷேல் பயோவின் குழு. ஊர்க்காரரான அவரே வழிகாட்டிகளைக் கூட்டிக்கொண்டுதான் போனார். இன்றும் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக. தனியாகப் போகும் தேர்ச்சி உள்ளவர்களுக்கு இவை போதாது.

வழிகாட்டிக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம்? வழி காட்டுவதற்கு என்றால் அது ஜிபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. அவருடைய தீர்ப்புக்குத்தான் பணம். அதிலும் “இன்று இந்தப் பக்கம் வேண்டாம்” என்று அவர் சொல்லக்கூடிய அந்த ஒரு தீர்ப்புக்கு. கீழே வரும் விதிகளில் பாதிக்கு மேல் அதை அவர் தயங்காமல் சொல்ல இடம் விடுவதைப் பற்றியவை.

பெயர் கொடுப்பதற்கு முன்

சறுக்கும் திறனைக் கூட்டிச் சொல்லாதீர்கள். விண்ணப்பப் படிவம் உங்கள் தரத்தைக் கேட்கும். ஐரோப்பாவில் சறுக்குப் பாதைகளை நீலம், சிவப்பு, கருப்பு என்று பிரிப்பார்கள். “கருப்புப் பாதையில் இறங்கியிருக்கிறேன்” என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பாதை இரவெல்லாம் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தியது. பனியாற்றில் காலையில் இறுகிய பனி, காற்றடித்து மேலோடு கட்டிய பனி, வெயிலில் குழைந்த பனி மூன்றையும் ஒரே நாளில், முதுகில் எட்டுப் பத்து கிலோவோடு சமாளிக்க வேண்டும். சுவிஸில் வளர்ந்து பள்ளியின் ஸ்கீ முகாமில் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்: ஸ்கீ காலில் பழகியிருக்கும், இந்தப் பனி பழகியிருக்காது. ஒருவர் தடுமாறினால் குழுவே காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் வெயில் ஏறும், மேலே உள்ள பனி இளகும். படிவத்தில் எழுதிய பொய்க்கு மற்ற ஐந்து பேரும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டிவரும்.

கிக் டர்னைப் பழகிவிட்டு வாருங்கள். செங்குத்தான சாய்வில் வளைந்து வளைந்து ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கித் திருப்பி, மற்றக் காலை உதறி அதன் பக்கம் கொண்டுவரும் அசைவு இது. பயண நாட்களில் இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாற்பது வளைவுகள் உள்ள சாய்வின் நடுவில் அந்த நினைப்பு போய்விடும்.

உடம்பைத் தயார் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், ஆறு முதல் எட்டு மணி நேர நடை, அடுத்தடுத்த நாட்களில். சென்னைவாசிக்கு மலை இல்லாவிட்டாலும் மாடிப்படி இருக்கிறது. பையைச் சுமந்து ஏறி இறங்கலாம். மூச்சு அதில் பழகும். ஸ்கின் நடைக்கு மட்டும் பனிதான் வேண்டும்.

வழிகாட்டியின் சான்றைக் கேட்டுப் பாருங்கள். 1965இல் அமைந்த ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்ற பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் முத்திரை பெற்றவர்கள் பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள். அட்டையைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். இந்த வழியில் ஆறு பேர் வரை வழக்கம்.

மாற்று வழி என்ன என்று முன்கூட்டியே கேளுங்கள். “பாதியில் நிறுத்தினால் எங்கே இறங்குவோம், எதில் திரும்புவோம், அந்தச் செலவு யாருடையது?” என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அப்போது பேசாத கணக்கு பிறகு மலையில் வந்து நிற்கும். வழிகாட்டியின் குடில் தங்கலும் சாப்பாடும் பல ஏற்பாடுகளில் குழுவின் கணக்கில்தான் சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாவுக்காக எடுத்த காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுப்பார்கள். பனியாற்றுப் பயணத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் அந்த வகைக் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்தில் மீட்புக்குப் பில் வரும். உங்கள் காப்பீட்டில் மலையேற்றம், பனியாறு, சீரமைத்த பாதைக்கு வெளியே சறுக்குதல் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். ஷாமோனி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதல் குடிலான அர்ஜாந்தியேர் 2,771 மீட்டரில். விமானத்திலிருந்து இறங்கி நேரே அங்கே ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரவேற்கும். எய்கீய் து மிதியின் 3,842 மீட்டர் உச்சிக்குக் கேபிள் காரில் போய் ஒரு பகல் பொழுதைக் கழிப்பது உடம்புக்குப் பழக்கம்.

பை

முப்பது முதல் நாற்பது லிட்டர் பை. தண்ணீர் சேர்த்து எட்டுப் பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் விடுகிற மனிதர் கிடையாது.

மூன்று கருவிகளை எதற்காகவும் விட்டுவிட்டு வராதீர்கள்: டிரான்ஸீவர், புரோப் கம்பி, உலோக மண்வாரி. பனிச்சரிவில் புதைந்தவரின் திசையையும் தூரத்தையும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் காட்டுவது டிரான்ஸீவர். அவர் இருக்கும் ஆழத்தைக் குத்திப் பார்ப்பது புரோப். தோண்டி எடுப்பது மண்வாரி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாது. புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதற்குப் பிறகு வேகமாகச் சரியும். எந்த ஹெலிகாப்டரும் பத்து நிமிடத்தில் வந்து தோண்டாது. உங்களைக் காப்பாற்றப் போகிறவர் பக்கத்தில் நடக்கும் அந்நியர்தான், அவரைக் காப்பாற்றப் போகிறவர் நீங்கள்தான். வழிகாட்டியே புதைந்துபோனால் தேடப் போவது யார் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். தேடும் பயிற்சியை ஊரில் ஒரு பூங்காவிலாவது, கருவியை இலைக்குவியலில் ஒளித்து வைத்துச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

புது பூட்ஸைப் பயணத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். முதல் நாள் வந்த கொப்புளம் ஆறாம் நாள் வரை கூடவே வரும்.

பருத்தியை வீட்டில் விடுங்கள். வியர்வையில் நனைந்தால் பருத்தி காயாது, குளிர் ஏறும். கம்பளி நன்று, இரண்டு ஜோடி போதும். நாற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், குடிலில் எல்லோருக்கும் அதே நாற்றம்.

கையுறையும் கண்ணாடியும் உபரியாக வையுங்கள். காற்றில் பறந்துபோன ஒற்றைக் கையுறை, 3,500 மீட்டரில் விரலின் கேள்வியாகிவிடும். புதுப்பனி புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், உயரம் கூடக் கூடக் கதிரும் கூடும். ஆகவே பனியாற்றுக்கான கருங்கண்ணாடி, முகத்துக்குக் களிம்பு, உதட்டுக்குத் தனிக் களிம்பு. கதிர் கீழிருந்தும் வருவதால் மூக்கின் அடிப்புறத்திலும் தாடையின் கீழும் பூச வேண்டும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்கிற நம்பிக்கை பனியாற்றில் செல்லாது. கண் எல்லா நிறத்தவருக்கும் ஒரே மாதிரிதான் வெந்துபோகும்.

மற்றவை சுருக்கமாக: இடுப்பில் கட்டும் ஹார்னஸ், பூட்ஸில் மாட்டும் கிராம்பான், ஸ்கீயில் மாட்டும் கிராம்பான், பனிக்கோடரி, நெற்றி விளக்கு, படுக்கை விரிப்புக்குள் நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப்பை, பாஸ்போர்ட், பிராங்க் நோட்டுகள். காற்றுப்பை வைத்த முதுகுப்பை வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். கனம் கூடும், ஹார்னஸும் கயிறும் உள்ள பயணத்தில் பல வழிகாட்டிகள் அதை வற்புறுத்துவதில்லை. உங்கள் வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

காலையும் ஏற்றமும்

சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். ஐந்தரை என்றால் பூட்ஸ் மாட்டி, ஹார்னஸ் கட்டி, டிரான்ஸீவரை உயிர்ப்பித்து, கழிப்பறை முடித்து ஐந்தரை. வசந்த காலத்துப் பனியாற்றில் மணிக்கணக்கு எல்லாவற்றையும் ஆள்கிறது. இரவில் உறைந்த பனி காலையில் பூட்டிய கதவு, மதியம் திறந்துவிடும். ஒரு நாள் முழுவதின் பாதுகாப்பும் அந்தப் பூட்டு திறப்பதற்கு முன் கடப்பதில் இருக்கிறது. உதாரணம் தேவையென்றால், ப்ராஃப்ளேரி குடிலிலிருந்து தீ குடிலுக்குப் போகும் நாள். 285 மீட்டர் உயரத்து கிராந்த் திக்சான்ஸ் அணையின் நீர்த்தேக்கத்துக்கு மேலே, சாய்வின் குறுக்கே நெடுந்தூரம் போக வேண்டும். மேலிருந்து பனி சரியும் வழிகள் பல அதைக் குறுக்கிடும். காலையில் அது சலிப்பூட்டும் நீண்ட நடை. பிற்பகலில் அங்கே இருக்கக் கூடாது.

டிரான்ஸீவர் சோதனையைச் சடங்காக்காதீர்கள். வழிகாட்டி சற்றுத் தள்ளி நிற்பார், ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும், அவர் கருவியில் உங்கள் கருவி ஒலிக்க வேண்டும். அதற்குப் பிறகு குடிலில் காலை வைக்கும் வரை அணைக்கக் கூடாது. தொலைபேசி, சூடேற்றும் கையுறை, கேமரா எல்லாம் டிரான்ஸீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50.

வேகமாகத் தொடங்காதீர்கள். நல்ல வழிகாட்டி முதல் அரை மணி நேரம் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகப் போவார். முந்த நினைக்க வேண்டாம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். குளிர்கிற உடையில் புறப்படுங்கள். பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். முழு உடையில் தொடங்குகிறவர் பாதி வழியில் நின்று கழற்றுவார், ஐந்து பேர் நின்று பார்ப்பார்கள்.

ஸ்கின்னைக் குழந்தை போலக் கவனியுங்கள். உரித்தெடுத்த பட்டையின் ஒட்டும் பக்கம் பனியில் படக் கூடாது. சறுக்கும்போது அதைப் பைக்குள் போடாமல் மேல்சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்தால் அடுத்த ஏற்றத்தில் ஒட்டும். ஒட்டாத பட்டையோடு செங்குத்தில் நிற்பதைப் போன்ற கையறு நிலை வேறில்லை. ஈரப்பனியில் பட்டையின் அடியில் கட்டி சேர்ந்தால் மெழுகு தேயுங்கள். குழுவில் ஒருவரிடமாவது அது இருக்கட்டும்.

ஸ்கீ கிராம்பானை முன்கூட்டியே மாட்டுங்கள். வழிகாட்டி “மாட்டுங்கள்” என்னும் இடம் உங்களுக்குத் தேவையில்லாததாகத் தோன்றும். தேவை என்று உங்களுக்கே தோன்றும் இடத்தில் மாட்டுவதற்கு நிற்க இடமிருக்காது.

தலைவலியை மறைக்காதீர்கள். பயணத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற கூச்சத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேற்றிரவு தூங்காதது, காலையில் வாந்தி எடுத்தது, கால் விரல் மரத்தது எல்லாம் வழிகாட்டியின் கணக்கில் சேர வேண்டிய தகவல்கள். தவறான தகவல் கொடுத்துவிட்டுச் சரியான முடிவை எதிர்பார்க்க முடியாது.

பனியாற்றில்

பனியாறு உறைந்து கிடப்பதாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாறை மேட்டின்மேல் வளைந்து இறங்கும்போது அது பிளக்கும். பிளவுகள் பல மாடி ஆழம் போகும். குளிர்காலப் பனி அவற்றின் வாயை மூடிவிடும். மேலே பார்த்தால் ஒரே வெள்ளை வெளி. அந்த மூடியைப் பனிப்பாலம் என்கிறார்கள். எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. வழிகாட்டியாலும் எப்போதும் முடியாது, ஆனால் அவருக்குப் பனியாற்றின் வளைவு தெரியும், போன வாரம் யார் எங்கே விழுந்தார்கள் என்பதும் தெரியும்.

ஸ்கீயைக் கழற்றாதீர்கள். பனியாற்றில் இதுவே முதல் விதி. நீண்ட ஸ்கீ உங்கள் எடையைப் பரப்பி வைக்கிறது. வெறும் பூட்ஸ் ஒரே புள்ளியில் குத்தி இறங்குகிறது. படமெடுக்க, உடை மாற்ற, சிறுநீர் கழிக்க என்று பத்தடி தள்ளிப் போகிறவர்கள்தான் விழுகிறார்கள். நிற்கும் இடத்தை வழிகாட்டி கம்பியால் குத்திப் பார்த்து “இந்த வட்டத்துக்குள்” என்பார். வெட்கத்தை அந்த வட்டத்துக்குள்ளேயே சமாளித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் இருக்கும் குழுவில் மற்றவர்கள் திரும்பி நிற்பது எழுதாத வழக்கம். ஒருவரும் தள்ளிப் போகத் தேவையில்லை.

ஹார்னஸைப் பனியாற்றுக்கு வருவதற்கு முன்பே கட்டிக்கொள்ளுங்கள். கயிறு கட்டாத நேரத்திலும் அது இடுப்பில் இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கக் கயிற்றை எதிலாவது மாட்டியாக வேண்டுமே.

கயிறு கட்டியபின் தொங்க விடாதீர்கள். குழுவாகப் போகும்போது இருவருக்கு நடுவில் எட்டுப் பத்து மீட்டர் இடைவெளி. கயிறு பனியைத் தொட்டும் தொடாமலும் நீண்டிருக்க வேண்டும். மீதியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பவரோடு பேசப் போவது பொதுவான பழக்கம், மோசமான பழக்கமும்கூட. அவர் விழுந்தால் அந்தச் சுருள் நீளம் முழுவதும் அவர் தடையில்லாமல் விழுவார், அதன்பின் வரும் உதறல் உங்களையும் இழுக்கும்.

கயிறு கட்டினால் எல்லாம் சரி என்றும் இல்லை. சுவிஸ் ராணுவம் நடத்தும் ‘பத்ரூய் தே கிளாசியே’ என்ற போட்டி இதே மலைகளில் ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரை ஓடுவது; 1943இல் தொடங்கியது. 1949 போட்டியில் மோன் மினே பனியாற்றின் பிளவொன்றில் மூன்று பேர் கொண்ட அணியே விழுந்து இறந்தது. போட்டியைத் தடை செய்தார்கள். மறுபடி நடந்தது 1984இல்தான். அந்த மூவரும் மலை தெரிந்தவர்கள். பனிப்பாலம் ஆளின் தேர்ச்சியைப் பார்ப்பதில்லை.

இறக்கம்

கணவாய் உச்சியில் எல்லோருக்கும் ஒரு துள்ளல் வரும். மூன்று மணி நேரம் ஏறியதற்கான கூலி கீழே விரிந்து கிடக்கும். சரியான நேரத்தில், மேல்பனி ஒரு விரற்கடை இளகியிருக்கும்போது இறங்கினால், அந்தச் சறுக்கலுக்கு ஈடான இன்பம் இந்த விளையாட்டில் இல்லை என்றே சொல்வேன். ஆபத்தும் இங்கேதான்.

வழிகாட்டியை முந்தாதீர்கள். அவர் நின்ற இடத்துக்கு மேலே நில்லுங்கள், கீழே அல்ல. “என் தடத்துக்கு வலப்பக்கம் மட்டும்” என்று சொன்னால் இடப்பக்கத்துப் பனி எவ்வளவு கன்னியாக இருந்தாலும் தொடக் கூடாது. இடப்பக்கத்தில் பிளவு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அவர் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒருவர் பின் ஒருவராக என்றால் ஒருவர் பின் ஒருவராகவே. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில்தான் பலகையாகப் பனி பெயர்ந்து வரும் சரிவுகள் பெரும்பாலும் நடக்கின்றன. அவற்றில் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுகிறார்கள். ஆகவே ஒருவர் கடந்து பத்திரமான இடம் சேரும்வரை அடுத்தவர் காத்திருப்பது. இடைவெளி விட்டால் சாய்வின்மேல் பாரமும் குறையும், புதைந்தாலும் ஒருவர்தான் புதைவார், தோண்ட ஆள் இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் ஸ்கீ கோலின் வார்களிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிடுங்கள். பனி இழுக்கும்போது கோல் நங்கூரமாகிவிடக் கூடாது.

ஆபத்து அளவை நீங்களும் படியுங்கள். தாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை அளவு. ஏறத்தாழ பாதி உயிரிழப்புகள் நடுவில் உள்ள மூன்றாம் நிலை நாட்களில் நடக்கின்றன. நான்கு, ஐந்தில் பெரும்பாலோர் போவதில்லை. மூன்றில் ‘பார்த்துப் போகலாம்’ என்று போகிறார்கள். வழிகாட்டி மூன்றாம் நிலையில் திட்டத்தை மாற்றினால் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள்.

பழைய கதையை நம்பிப் பாதையை எடைபோடாதீர்கள். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 3,323 மீட்டர் உயரத்து ஷார்தொனே கணவாயின் மறுபக்கம் செங்குத்து. கயிற்றில் இறங்குவதோ, வழிகாட்டி இறக்கிவிடுவதோ இன்று வழக்கம். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு “இங்கே நேரே சறுக்கலாமே” என்று வாதிட வேண்டாம்.

குடிலில்

ஸ்கீயும் கோலும் கோடரியும் வெளியே, பூட்ஸ் முன்னறையில். செருப்பு குடிலிலேயே இருக்கும். ஈரப்பையைப் படுக்கையில் வைக்காதீர்கள்.

குடிலின் பதிவேட்டில் பெயரையும் அடுத்த நாள் போகுமிடத்தையும் எழுதுங்கள். வழிகாட்டி எழுதிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேட வருகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

தண்ணீரைக் காசாக நினையுங்கள். குளிர்காலத்தில் குழாய் இருக்காது, பனியை உருக்கிய நீர், அதற்கான எரிபொருள் ஹெலிகாப்டரில் வந்தது. குடிநீர் விலைக்கு. குளியல் இல்லை, கேட்கவும் வேண்டாம்.

சைவமா, மாட்டிறைச்சி வேண்டாமா, முன்பதிவின்போதே சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் சூப், பாஸ்தா, பாலாடைக்கட்டி என்று ஏதாவது செய்து தருவார்கள். இரவு மேசையில் வந்து அமர்ந்தபின் சொன்னால் ரொட்டிதான். ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டுபோகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஐம்பது கிராமுக்கு அது செய்யும் வேலை பெரிது.

இரவு பத்து மணிக்குப் பின் பேசாதீர்கள், நாலு மணிக்குப் பிளாஸ்டிக் பையைக் கசக்காதீர்கள். பையை இரவே கட்டி வையுங்கள். காதடைப்பான் கொண்டுபோங்கள், ஒரே மேடையில் பத்துப் பேர் வரிசையாகப் படுக்கும் அறையில் ஒருவராவது குறட்டை விடுவார், அது நீங்களாகவும் இருக்கலாம். மதுவை ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள், முடிந்தால் அதுவும் வேண்டாம். உயரத்தில் தூக்கத்தைக் கெடுக்கும்.

“வேண்டாம்” என்று அவர் சொல்லும்போது

2018 ஏப்ரல் 29 அன்று தீ குடிலிலிருந்து புறப்பட்ட பதினான்கு பேர் பீன்ய தரோலா பக்கம் புயலில் மாட்டினார்கள். வெளியில் இரவைக் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், வழிகாட்டியும் அவர்களில் ஒருவர். வீன்யெத் குடில் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தது. 2024 மார்ச்சில் ஸெர்மாட்டிலிருந்து அரோலாவுக்குப் புறப்பட்ட ஆறு பேர் தேத் பிளான்ஷ் அருகே புயலில் சிக்கினார்கள். ஒருவரும் உயிரோடு மீளவில்லை. பனிச்சரிவும் பிளவும் மட்டுமே கொல்லும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும். காற்றும் குளிரும் போதும். முகில் இறங்கிவிட்டால் தரையும் வானமும் ஒரே வெண்மை, நின்றுகொண்டிருக்கிறோமா சறுக்கிக்கொண்டிருக்கிறோமா என்பதே தெரியாது. ஈர உடம்பில் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் காற்று அடித்தால் மனிதன் முதலில் இழப்பது யோசிக்கும் திறனை.

“இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே” என்று சொல்லாதீர்கள். நேரே சொல்ல மாட்டோம்தான். “நாளை மறுநாள் விமானம்”, “வானம் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே”, “அந்த இன்னொரு குழு போகிறதே” என்று வேறு வேறு வடிவில் சொல்வோம். வழிகாட்டியும் மனிதர்தான். ஆறு பேரின் முகம் வாடினால் அவர் மனசும் ஒரு நூல் அசையும். அந்த ஒரு நூலை அசைக்காமல் இருப்பது வாடிக்கையாளரின் வேலை. இன்னொரு குழு போகிறதென்றால் அவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம், காரணமே இல்லாமலும் இருக்கலாம்.

திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். வழிகாட்டிக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். ஒரு நாள் குடிலில் காத்திருக்கலாம் என்ற வசதி உள்ள குழுவும், நாளையே ஸெர்மாட்டில் இருந்தாக வேண்டிய குழுவும் ஒரே வானத்தை வேறு வேறாகப் பார்க்கும்.

பள்ளத்தாக்கில் இறங்குவதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். தீ குடிலிலிருந்து பா தே ஷேவ்ர் கணவாயின் இரும்பு ஏணிகள் வழியாக அரோலாவுக்கு இறங்கலாம். வீன்யெத்திலிருந்து பியேஸ் பனியாறு வழியாகவும் அரோலா. அங்கிருந்து பேருந்தில் சியோன், ரயிலில் விஸ்ப், ஸெர்மாட். மழை நாளில் அந்தப் பேருந்தில் ஸ்கீயோடு ஏறும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது காப்பிக்குள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

கேளுங்கள், ஆனால் சரியான நேரத்தில். “ஏன் இந்தப் பக்கம்?” என்று கேட்பது உங்கள் உரிமை, நல்ல வழிகாட்டி மாலையில் வரைபடத்தை விரித்துச் சொல்வார். சாய்வின் நடுவில், அவர் “நகருங்கள்” என்ற பின் கேட்காதீர்கள். பயமாக இருந்தால் மட்டும் எந்த நேரத்திலும் சொல்லலாம்.

மீட்பு எண்களை எழுதி வையுங்கள். வலே மாநிலத்தில் 144, சுவிஸின் மற்றப் பகுதிகளில் ரேகா அமைப்பின் 1414, பிரான்ஸ் பக்கம் 112. ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. உற்சாகத்தில் இரண்டு கையையும் ஆட்டி விமானிக்கு வணக்கம் சொல்லிவிடாதீர்கள்.

கடைசி நாள்

வீன்யெத்திலிருந்து ஸெர்மாட் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். லெவெக், மோன் ப்ரூலே, வால்பெலின் என மூன்று கணவாய்கள். கடைசியானது 3,568 மீட்டர். அதைத் தாண்டியதும் மாட்டர்ஹார்ன் முன்னால் எழும், கேமராக்கள் எழும். படமெடுங்கள், ஆனால் வழிகாட்டி நிறுத்திய இடத்தில். அதற்குக் கீழே ஷ்டொக்யி பனியாற்றில் பெரிய பிளவுகள் உண்டு, பாதி நாள் களைத்த கால்கள் அங்கேதான் இறங்க வேண்டும்.

ஊர் தெரிந்துவிட்டது என்று தளர்ந்துவிடாதீர்கள். அடிவாரத்தில் பனி திட்டுத் திட்டாக, கல்லும் சேறுமாக இருக்கும். முழங்கால் திருகிக்கொள்வதற்கு ஏற்ற இடம். கழற்றிச் சுமந்து நடக்கச் சொன்னால் நடங்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை. கொடுப்பதாயிருந்தால் குழுவாகச் சேர்த்துக் கொடுங்கள். உச்சியை எட்டாத பயணத்துக்குக் குறைத்துக் கொடுப்பது மட்டும் தவறான கணக்கு. திருப்பி அழைத்து வந்த வாரத்தில்தான் அவர் அதிகம் உழைத்திருப்பார்.

வாடகைக் கருவிகளை அன்றே திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷாமோனியில் எடுத்தவை ஷாமோனியில்தான் போய்ச் சேர வேண்டும். ஸெர்மாட்டில் கார் கிடையாது. ரயிலில் விஸ்ப், மார்ட்டின்யி, எல்லை தாண்டி வலோர்சீன் என்று மாறி மாறிப் போவதற்குள் கடை மூடிவிடும். மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டு, ஸ்கின்களை விரித்துக் காயப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.